எண் சரி, முடிவு சரியா?

தேர்வு முடிவுகள் வெளியாகும் காலத்தில் நம் அடுக்குமாடி வீடுகளின் அஞ்சல் பெட்டிகளில் துணைப்பாட நிலையங்களின் துண்டுப் பிரசுரங்கள் வந்து குவியும். “எங்களிடம் பயின்றவர்களில் பத்தில் எட்டுப் பேர் சிறப்புத் தேர்ச்சி” என்பது போன்ற ஒரு வரி அதில் பெரிய எழுத்தில் இருக்கும். அந்த வரி பொய்யாக இருக்க வேண்டும் என்பதில்லை. எண்ணிப் பார்த்தே அச்சிட்டிருக்கலாம். ஆனால் அந்த எண்ணை மட்டும் வைத்து, “இங்கே சேர்ந்தால் என் மதிப்பெண் கூடும்” என்று முடிவு செய்ய முடியுமா?

புள்ளியியல் என்றதும் சராசரி, வரைபடம், சூத்திரம் என்றுதான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். மேற்கண்ட கேள்விக்கு விடை சொல்லத் தெரிவதே புள்ளியியலின் முதல் பாடமாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. சிங்கப்பூர்க் குடும்பங்கள் 2023ஆம் ஆண்டில் துணைப்பாடத்திற்காக ஏறத்தாழ 1.8 பில்லியன் வெள்ளி செலவிட்டதாகக் குடும்பச் செலவினக் கருத்தாய்வு காட்டுகிறது. அவ்வளவு பணமும், அதற்கு ஈடான நம் மாலை நேரமும், எண்களை நாம் படிக்கும் விதத்தை நம்பித்தான் செலவாகின்றன.

விடை 0.9, அதன் பிறகு?

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு பயிலும் நான், வார இறுதியில் தொடக்கக் கல்லூரி மாணவர்கள் சிலருக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். கணக்கிடுவதில் அவர்களிடம் குறை இல்லை. எச்2 கணிதத்தில் வரும் ஒட்டுறவுக் கெழுவை, அதாவது இரண்டு அளவுகள் எந்த அளவுக்கு ஒரே நேர்க்கோட்டில் சேர்ந்து நகர்கின்றன என்பதைக் காட்டும் ‘ஆர்’ என்ற எண்ணை, வரைபடக் கணிப்பானில் சில நொடிகளில் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

சிக்கல் வினாவின் கடைசி வரியில்தான் வருகிறது. “கூடுதல் நேரம் படித்ததால்தான் மதிப்பெண் கூடியது என்று இதிலிருந்து முடிவு செய்யலாமா? காரணம் கூறுக.” அங்கே பேனா நின்றுவிடுகிறது. சிலர் “ஆர் 0.9, ஆகவே ஆம்” என்று எழுதுகிறார்கள். வேறு சிலர் “தொடர்பு என்பது காரணம் ஆகாது” என்று மனப்பாடமாக எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறார்கள். இரண்டாவது விடைக்கு மதிப்பெண் கிடைக்கும். ஆனால், ஏன் ஆகாது என்று திருப்பிக் கேட்டால் இரு தரப்பினருக்கும் பதில் வருவதில்லை.

அந்த ‘ஆர்’ கூட முழுச் செய்தியைச் சொல்வதில்லை. 1973ல் பிரான்சிஸ் ஆன்ஸ்கம் என்ற புள்ளியியல் அறிஞர் நான்கு சிறிய தரவுத் தொகுப்புகளை வெளியிட்டார். ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். நான்கிலும் சராசரிகள் ஒன்று. ஆர் ஏறத்தாழ 0.82, பொருந்தும் நேர்க்கோடும் ஒன்றே. வரைந்து பார்த்தால் நான்கும் நான்கு விதம். முதலாவது, கோட்டைச் சுற்றிச் சிதறிய வழக்கமான புள்ளிகள். இரண்டாவது, தெளிவான வளைவு. மூன்றாவதில் ஒரு புள்ளியைத் தவிர மற்றவை யாவும் ஒரே கோட்டில் அமைந்திருக்கும். நான்காவதில் பத்துப் புள்ளிகள் செங்குத்தாக அடுக்கி நிற்க, தொலைவில் இருக்கும் ஒரே ஒரு புள்ளிதான் ‘தொடர்பை’ உண்டாக்குகிறது. கணிப்பானைத் தட்டுவதற்கு முன் படம் வரையுங்கள் என்று ஆசிரியர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

ஒரு கற்பனைக் கணக்கு. 200 மாணவர்கள் இருக்கிறார்கள். 100 பேர் துணைப்பாடம் போகிறார்கள், 100 பேர் போகவில்லை. தேர்வில் துணைப்பாடக் குழுவில் 65 பேரும், போகாத குழுவில் 45 பேரும் சிறப்புத் தேர்ச்சி பெறுகிறார்கள். 65க்கு 45. துணைப்பாடம் வென்றுவிட்டது என்று தோன்றும்.

இப்போது அதே 200 பேரைச் சென்ற ஆண்டு நன்றாகச் செய்தவர்கள், தடுமாறியவர்கள் என்று பிரிப்போம். துணைப்பாடம் போன 100 பேரில் 80 பேர் ஏற்கெனவே நன்றாகச் செய்தவர்கள். அவர்களில் 60 பேர் சிறப்புத் தேர்ச்சி, அதாவது 75 விழுக்காடு. தடுமாறிய 20 பேரில் 5 பேர் மட்டுமே, 25 விழுக்காடு. போகாத 100 பேரில் ஏற்கெனவே நன்றாகச் செய்தவர்கள் 30 பேர். அவர்களில் 24 பேர் சிறப்புத் தேர்ச்சி, 80 விழுக்காடு. தடுமாறிய 70 பேரில் 21 பேர், 30 விழுக்காடு.

கூட்டிப் பாருங்கள், 65ம் 45ம் அப்படியே வரும். ஆனால் இரண்டு பிரிவிலும் துணைப்பாடம் போகாதவர்களின் விகிதம்தான் சற்று அதிகம். மொத்தத்தில் தெரிந்த வெற்றி, பிரித்துப் பார்த்ததும் திசை மாறிவிட்டது. இதற்குச் சிம்சன் முரண் என்று பெயர். துணைப்பாடக் குழுவில் ஏற்கெனவே நன்றாகப் படித்தவர்கள் நிறைந்திருந்ததே காரணம்.

இதைக் கொண்டு துணைப்பாடம் பயனற்றது என்று சொல்லவும் முடியாது. பிரித்த பிறகும் வேறு வேறுபாடுகள் மறைந்திருக்கலாம். நிஜத்தில் நிலைமை நேர்மாறாகவும் இருக்கலாம்: தடுமாறும் பிள்ளைகளைத்தான் பெற்றோர் துணைப்பாடத்திற்கு அனுப்புகிறார்கள் என்றால், நல்ல ஆசிரியர்கூட எண்களில் மோசமானவராகத் தெரிவார்.

இப்படி இரு பக்கமும் கை நீட்டும் ஒன்றைத்தான் குழப்பக் காரணி என்கிறோம். துணைப்பாடம் போவதோடும் அதற்குத் தொடர்பு இருக்கும், மதிப்பெண்ணோடும் தொடர்பு இருக்கும். குடும்ப வருமானம் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நான் குறிப்பிட்ட அதே கருத்தாய்வின்படி, வருமானத்தில் முதல் 20 விழுக்காட்டில் உள்ள குடும்பங்கள் துணைப்பாடத்திற்குச் செலவிடும் தொகை, கடைசி 20 விழுக்காட்டினர் செலவிடுவதைப்போல் நான்கு மடங்குக்கும் அதிகம். அமைதியாகப் படிக்கத் தனி அறை, வீட்டில் சந்தேகம் கேட்க ஒருவர், பகுதிநேர வேலை பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லாமை என்று வருமானத்தோடு வருபவை வேறு பல. மதிப்பெண் கூடினால் அதில் எது வேலை செய்தது?

துணைப்பாடத்தால் கைச்செலவுக்குச் சம்பாதிக்கும் எனக்கு இந்தக் கேள்வி வசதியானது அன்று. “உண்மையிலேயே உதவுமா தம்பி?” என்று பெற்றோர் கேட்கும்போது, என்னிடம் படித்தவர்களின் மதிப்பெண்களை அடுக்குவது எளிது. நேர்மையான பதில், பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று முதலில் பார்ப்போம் என்பதுதான்.

தாய்மார் சம்மதித்தார்கள், நாணயம் முடிவு செய்தது

குழப்பக் காரணிகளை எப்படி விலக்குவது? 1954ல் அமெரிக்காவில் நடந்த போலியோ தடுப்பூசிச் சோதனை இதற்குச் சிறந்த பாடம். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் அந்நாட்டில் ஒரே ஆண்டில் ஏறத்தாழ 58,000 பேரைப் போலியோ தாக்கியிருந்தது. ஜோனஸ் சால்க் உருவாக்கிய தடுப்பூசி வேலை செய்கிறதா என்று அவசரமாகத் தெரிய வேண்டியிருந்தது.

சோதனை இரண்டு விதமாக நடந்தது. சில வட்டாரங்களில், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளில் பெற்றோர் சம்மதித்தவர்களுக்கு ஊசி போட்டார்கள். முதலாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை ஒப்பிட்டுப் பார்க்க விட்டுவைத்தார்கள். கேட்பதற்கு நியாயமாகத் தெரிகிறது. ஆனால் ஒரு பக்கம் சம்மதித்த குடும்பங்களின் பிள்ளைகள் மட்டும், மறுபக்கம் எல்லாரும்.

மற்ற வட்டாரங்களில், சம்மதித்த குடும்பங்களின் பிள்ளைகளையே குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். நாணயத்தைச் சுண்டுவதுபோல. ஏறத்தாழ 200,000 பேருக்குத் தடுப்பூசி, அதே அளவு பேருக்கு வெறும் உப்புநீர் ஊசி. யாருக்கு எது போடப்பட்டது என்பது பிள்ளைக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது, நோயைக் கண்டறியும் மருத்துவருக்கும் தெரியாது.

முடிவுகளைப் பாருங்கள். குலுக்கல் நடந்த வட்டாரங்களில், தடுப்பூசி போட்டுக்கொண்ட 100,000 பேருக்கு 28 பேர் வீதம் போலியோ கண்டது. உப்புநீர் போட்டுக்கொண்டவர்களில் 100,000 பேருக்கு 71 பேர். சம்மதிக்காத குடும்பங்களின் பிள்ளைகளில் 100,000 பேருக்கு 46 பேர்.

71க்கும் 46க்கும் உள்ள வேறுபாட்டில் கொஞ்சம் நில்லுங்கள். இந்த இரு குழுவினருக்கும் தடுப்பூசி கிடைக்கவில்லை. ஒரே வேறுபாடு, ஒரு பக்கம் பெற்றோர் சம்மதித்தார்கள், மறுபக்கம் சம்மதிக்கவில்லை. சம்மதிப்பதே நோயைக் கொண்டுவருமா? வராது. வசதியான குடும்பங்கள்தான் அதிகம் சம்மதித்தன. போலியோவோ அப்போது வசதியான வீட்டுப் பிள்ளைகளைத்தான் அதிகம் தாக்கியது. சுகாதாரம் குறைந்த சூழலில் வளரும் குழந்தை, தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி இருக்கும் பருவத்திலேயே கிருமியை லேசாகச் சந்தித்து, நோயை வெல்லக் கற்றுக்கொண்டுவிடும். தூய்மையான வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அந்த வாய்ப்பு இல்லை.

அதனால்தான் முதல் முறையில் தடுப்பூசியின் பலன் குறைவாகத் தெரிந்தது. அங்கே 100,000 பேருக்கு 25க்கு எதிராக 54. பாதிக்குச் சற்று மேல் குறைந்தது. குலுக்கல் முறையில் 28க்கு எதிராக 71. ஐந்தில் மூன்று பங்கு குறைந்தது. மருந்து ஒன்றுதான், நாடு ஒன்றுதான். ஆய்வை அமைத்த விதம் மாறியதும் விடை மாறிவிட்டது.

பிள்ளைகளின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் குலுக்கலா என்று நெஞ்சு கேட்கத்தான் செய்யும். ஆனால் அந்தக் குலுக்கல் தந்த உறுதியால்தான் 1955ல் தடுப்பூசியைத் தயக்கமின்றிப் பரவலாகக் கொடுக்க முடிந்தது. போலியோவின் அச்சம் சிங்கப்பூருக்கும் புதிதன்று. 1958ல் இங்கு நோய் பரவியபோது ஏறத்தாழ 200,000 பிள்ளைகளுக்கு வாய்வழித் தடுப்புமருந்து கொடுக்கப்பட்டது. நம் தாத்தா பாட்டி தலைமுறை அது.

ஆகவே எந்த ஒப்பீட்டைப் பார்த்தாலும் முதல் கேள்வி: யார் எந்தக் குழுவில் சேர்வது என்பதை யார் முடிவு செய்தார்கள்? அவரவரே முடிவு செய்திருந்தால், முடிவு செய்ய வைத்த காரணமும் அவரோடு சேர்ந்து குழுவுக்குள் வந்துவிடும். குலுக்கல் முடிவு செய்திருந்தால், அத்தகைய காரணங்கள் இரு பக்கமும் ஏறக்குறைய சமமாகப் பரவிவிடும்.

எத்தனை பேர் என்பதைவிட, யார்?

இரண்டாவது கேள்வி: யாரிடம் கேட்டார்கள்? 1936ல் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்ற அமெரிக்க வார இதழ், அதிபர் தேர்தலை முன்கணிக்க ஏறத்தாழ 10 மில்லியன் பேருக்கு அஞ்சலில் வாக்குச்சீட்டு அனுப்பியது. 2 மில்லியனுக்கும் மேற்பட்டோர் பதில் எழுதினர். ஆல்ஃபிரட் லாண்டன் 57 விழுக்காட்டுடன் வெல்வார் என்றது இதழ். உண்மைத் தேர்தலில் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் ஏறத்தாழ 61 விழுக்காட்டு வாக்குகளுடன் வென்றார். லாண்டனுக்குக் கிடைத்தவை 48 மாநிலங்களில் இரண்டே இரண்டு.

தொலைபேசிப் புத்தகம், கார் உரிமையாளர் பட்டியல் போன்றவற்றிலிருந்து இதழ் முகவரிகளை எடுத்தது. பொருளாதார மந்தநிலைக் காலத்தில் அவை வசதியானவர்களின் பட்டியல்கள். தவிர, அனுப்பியவர்களில் கால்வாசிப் பேரளவில்தான் பதில் எழுதினர். அப்படி எழுத முன்வருபவர்களின் மனநிலையே வேறு. அதே தேர்தலில் ஜார்ஜ் கேலப் ஏறத்தாழ 50,000 பேரிடம் மட்டும் கேட்டு, வெற்றியாளரைச் சரியாகச் சொன்னார்.

நம் திட்டப்பணிகளுக்கும் இது பொருந்தும். “இளையர்களின் உறக்கப் பழக்கம்” என்று தலைப்பு வைத்துவிட்டு, கேள்விப் படிவத்தின் இணைப்பை நம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுகிறோம். நள்ளிரவில் விழித்திருப்பவர்கள்தான் முதலில் பதில் அனுப்புவார்கள். 300 பதில்கள் சேர்ந்தாலும் அது நம் நண்பர்களைப் பற்றிய தகவல்தானே தவிர, இளையர்களைப் பற்றியது ஆகாது.

மறுப்பதற்கும் பொறுப்பு உண்டு

இவ்வளவும் படித்த பிறகு எல்லாவற்றையும் சந்தேகித்துவிட்டு நகர்வது எளிது. அதுவும் ஆபத்தே. புகைபிடிப்பதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1950களில் ஆய்வாளர்கள் காட்டியபோது, குலுக்கல் சோதனை முறைக்கே அடித்தளமிட்ட ரொனால்ட் ஃபிஷர், தொடர்பு காரணம் ஆகாது என்று வாதிட்டார். புகைக்கும் பழக்கத்தையும் புற்றுநோயையும் பொதுவான மரபணு ஒன்று உண்டாக்கலாம் என்றார். சிகரெட் நிறுவனங்களுக்கு அந்த வாதம் இனித்தது.

மனிதர்களைக் குலுக்கிப் போட்டுப் புகைக்கச் சொல்ல முடியாது. ஆகவே ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபர்ட் ஹில்லும் வேறு வழியில் சென்றார்கள். 1951ல் பிரிட்டிஷ் மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதி, பதில் தந்த ஏறத்தாழ 40,000 பேரின் புகைப்பழக்கத்தைப் பதிவு செய்து, ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். அதிகம் புகைத்தவர்களிடையே இறப்பு அதிகம். விட்டவர்களிடையே அபாயம் குறைந்தது. வேறு நாடுகளில், வேறு முறைகளில் செய்த ஆய்வுகளும் அதே திசையைக் காட்டின. வாழ்நாள் முழுவதும் புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து ஆண்டு முன்னதாக இறந்தார்கள் என்று அந்த ஆய்வின் 50 ஆண்டு முடிவு 2004ல் சொன்னது. குழப்பக் காரணி இருக்கலாம் என்று சொன்னால் மட்டும் போதாது. அது எது, இவ்வளவு பெரிய வேறுபாட்டை அதனால் விளக்க முடியுமா என்றும் சொல்ல வேண்டும்.

நம் வீட்டுக்கு வரும் எண்கள்

சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் எந்தத் துறை மாணவரும் தரவுகளைக் கொண்டு சிந்திக்கும் பாடம் ஒன்றைக் கட்டாயம் படித்தாக வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் பல்கலைக்கழகம் வரை காத்திருக்க வேண்டியதில்லை. உயர்நிலைப் பள்ளியிலேயே ஒவ்வொரு வரைபடக் கணக்கின் முடிவிலும் கூடுதலாக ஒரு வினா இருக்கட்டும்: இந்தத் தரவு எப்படி வந்தது? விடை எழுத இரண்டு வரி போதும். ஆசிரியர்கள் அதற்கு உண்மையான மதிப்பெண் ஒதுக்கினால் மாணவர்கள் நிச்சயம் சிந்திப்பார்கள்.

இருமொழியில் பயின்ற நமக்குக் கூடுதல் பொறுப்பும் உண்டு. புள்ளியியலை ஆங்கிலத்தில் படிக்கிறோம். நம் வீட்டுக்கு வரும் எண்களோ பெரும்பாலும் தமிழில் வருகின்றன. இந்தச் சாற்றைக் குடித்த இத்தனை பேருக்குச் சர்க்கரை குறைந்தது என்று பாட்டியின் கைப்பேசிக்கு ஒரு காணொளி வரும். சிங்கப்பூரில் சீனர்களைவிட இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம் என்பதால் இது விளையாட்டுக் காரியம் அன்று. பாகற்காய்ச் சாறு குடிக்கத் தொடங்குபவர் அதே வாரத்தில் சோற்றையும் குறைப்பார், மாலையில் நடக்கவும் போவார். சர்க்கரை குறைந்தால் பெயர் சாற்றுக்குப் போகும். மாத்திரையை நிறுத்தலாமா என்ற பேச்சு அங்கிருந்துதான் தொடங்குகிறது. “பாட்டி, சாறு குடிக்காமல் நடக்க மட்டும் போனவர்களுக்கு என்ன ஆனது என்று அதில் சொன்னார்களா?” என்று தமிழில் கேட்க நமக்குத் தெரிய வேண்டும்.

கல்வி அமைச்சு தேசியத் தேர்வு முடிவுகளின் பத்தாண்டுப் போக்கை இனவாரியாக வெளியிடுகிறது. அதைப் பார்த்துவிட்டு “நம் பிள்ளைகளுக்குக் கணக்கு வராது” என்று பெரியவர்கள் சிலர் சொல்வதை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். அந்த அட்டவணை இனத்தைக் கொண்டு பிரிக்கப்பட்டது. குடும்ப வருமானம், பெற்றோரின் வேலை நேரம், வீட்டில் படிக்கும் வசதி ஆகியவற்றைக் கொண்டு பிரிக்கப்படவில்லை. எங்கே உதவி தேவை என்று அது சொல்லலாம். ஏன் என்று அது சொல்லவில்லை. ஒரு குழுவின் சராசரி, அந்தக் குழுவில் இருக்கும் தனியொரு மாணவரின் திறமையைப் பற்றிப் பேசுவதும் இல்லை. பதினைந்து வயதில் அந்த வேறுபாடு புரியாமல் போனால், ஒருவர் கூடுதல் கணிதத்தை எடுக்காமலேயே விட்டுவிடலாம்.

எனவே அடுத்த முறை ஒரு விழுக்காடு கண்ணில் பட்டால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். யாரிடம் கேட்டார்கள்? எதனோடு ஒப்பிட்டார்கள்? யார் எந்தக் குழுவில் என்பதை யார் முடிவு செய்தார்கள்? இதற்குக் கணிப்பான் தேவையில்லை. வகுப்பில் ஆசிரியரிடமும், வீட்டில் சாப்பாட்டு மேசையிலும், துணைப்பாட நிலையத்தின் முகப்பிலும் துணிந்து கேளுங்கள். என்னைப் போன்ற துணைப்பாட ஆசிரியர்களிடமும் கேளுங்கள்.